பந்து இல்லாத இடத்தைப் பாருங்கள்

மெல்பர்ன் கிரிக்கெட் மைதானம் என்றதும் நம்மில் பலருக்கு டிசம்பர் 26-ஆம் தேதி தொடங்கும் டெஸ்ட் ஆட்டம் நினைவுக்கு வரும். அந்த ஊர்க்காரர்களைக் கேட்டால் வேறொரு நாளைச் சொல்வார்கள்: செப்டம்பர் மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை. வழக்கமாக அன்றுதான் ஆஸ்திரேலியன் ரூல்ஸ் கால்பந்தின் இறுதி ஆட்டம். ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் மைதானத்துக்குள் இருப்பார்கள். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமையை விக்டோரியா மாநில அரசு விடுமுறையாகவே அறிவித்திருக்கிறது.

1859-இல் மெல்பர்னில் எழுதப்பட்ட விதிகளிலிருந்து வளர்ந்த ஆட்டம் இது. ஊர்க்காரர்கள் வாயில் ‘ஃபுட்டி’. 1897-இல் விக்டோரியக் கிளப்புகளின் தொடராகத் தொடங்கி, 1990 முதல் ஏஎஃப்எல் என்ற பெயரில் நாடு தழுவியதாக நடக்கிறது. இப்போது 18 அணிகள். அவற்றில் பத்து விக்டோரியாவில் இருக்கின்றன. நான் ரிச்மண்ட் ரசிகன். என் மனம் எந்தப் பக்கம் சாயும் என்பதை இப்போதே தெரிந்துகொண்டு மேலே படியுங்கள்.

இந்த ஆட்டத்தைப் பற்றி ஒவ்வொரு வாரமும் இரண்டு கதைகள் ஓடுகின்றன. ஒன்று, களத்தில் 36 பேர் எங்கே நின்றார்கள், எங்கே ஓடினார்கள் என்ற கதை. இன்னொன்று, திங்கள் முதல் புதன் வரை தொலைக்காட்சியிலும் வானொலியிலும் செய்தித்தாளிலும் சொல்லப்படும் கதை. அதில் வென்ற அணிக்கு ‘பசி’ இருக்கும், தோற்ற அணிக்கு ‘மனம் விட்டுப்போயிருக்கும்’, ஏதாவது ஒரு பயிற்சியாளரின் வேலை ஊசலாடும். இந்த இரண்டாவது கதைதான் நம் காதில் முதலில் விழுகிறது. அது பெரும்பாலும் முடிவைப் பார்த்துவிட்டுக் காரணம் தேடும் கதை என்பது என் கருத்து.

முதலில் விதிகளில் வியூகத்துக்கு வேண்டியதை மட்டும் பார்த்துவிடுவோம். முட்டை வடிவ மைதானம். மெல்பர்ன் மைதானத்தின் நீளம் சுமார் 160 மீட்டர். ஓர் அணிக்குக் களத்தில் 18 பேர். பந்தைக் காலால் உதைக்கலாம், அல்லது ஒரு கையில் வைத்து மறுகை முட்டியால் குத்தி அனுப்பலாம், எறியக் கூடாது. இந்தக் குத்துக்கு ஹேண்ட்பால் என்று பெயர். உதைத்த பந்து 15 மீட்டராவது வந்து, அதைத் தரையில் படாமல் பிடித்துவிட்டால் அது ‘மார்க்’. பிடித்தவரை யாரும் தொடக் கூடாது. அவர் நிதானமாக நின்று அடுத்த உதையை உதைக்கலாம். பந்தோடு ஓடுகிறவர் 15 மீட்டருக்கு ஒருமுறை அதைத் தரையில் தட்ட வேண்டும். ஓடுகிறவரை மடக்கிப் பிடிக்கலாம். தோளுக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே. ஒவ்வொரு முனையிலும் நான்கு கம்பங்கள். நடு இரண்டுக்கும் இடையே உதைத்தால் கோல், 6 புள்ளி. பக்கத்து இடைவெளியில் போனால் ‘பிஹைண்ட்’, 1 புள்ளி. பிஹைண்ட் ஆனதும் பந்து எதிரணி கைக்குப் போகும். அவர்கள் தங்கள் கோல் முனையிலிருந்து உதைத்துத் தொடங்குவார்கள்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, இங்கே ஆஃப்சைடு கிடையாது என்பது. சாக்கரிலும் ரக்பியிலும் பந்துக்கு முன்னால் யார் நிற்கலாம் என்பதை விதி கட்டுப்படுத்துகிறது. இங்கே ஆட்டம் ஓடத் தொடங்கிய பிறகு எவரும் எங்கும் நிற்கலாம். 18 பேரும் தங்கள் கோல் முன்னால் குவியலாம். இந்தச் சுதந்திரத்தை என்ன செய்வது என்பதுதான் இந்த ஆட்டத்தின் வியூகம் முழுவதும்.

பல பத்தாண்டுகள் அதை யாரும் பெரிதாகச் சோதிக்கவில்லை. ஒவ்வொருவருக்கும் ஓர் இடம், ஒவ்வொருவருக்கும் ஓர் எதிராளி. முனையில் நிற்கும் உயரமான முன்கள வீரரும் அவரைக் காவல் காக்கும் பின்கள வீரரும் தோளோடு தோள் மோதித் தாவுவார்கள். ரசிகர்களின் நினைவில் நிற்கும் பழைய படங்கள் எல்லாம் அப்படிப்பட்டவைதான். ‘அந்தக் காலத்து ஃபுட்டி’ என்று விமர்சகர்கள் இன்றும் ஏங்குவது அதற்குத்தான்.

உடைப்பு எங்கே நேர்ந்தது என்று கேட்டால் 2000-ஆம் ஆண்டின் ஓர் ஆட்டத்தைச் சொல்வேன். அந்த ஆண்டு எசென்டன் அணி தொடர்ந்து 20 ஆட்டங்களை வென்றிருந்தது. அடுத்து எதிரே வந்தது வெஸ்டர்ன் புல்டாக்ஸ். அதன் பயிற்சியாளர் டெரி வாலஸ், எசென்டன் பந்தை எடுத்ததும் தன் ஆட்களில் பெரும்பாலானவர்களைப் பின்னால் ஓடவைத்து எசென்டன் உதைக்க வேண்டிய கோல் முகப்பையே அடைத்துவிட்டார். வெள்ளம் போல ஆட்கள் நிறைந்ததால் ‘ஃபிளட்’ என்ற பெயர் நிலைத்தது. புல்டாக்ஸ் வென்றது. அந்த ஆண்டு எசென்டன் தோற்ற ஆட்டம் அது ஒன்றுதான். கோப்பை அவர்களுக்கே போனது. ஆனாலும் மற்றப் பயிற்சியாளர்கள் அன்று பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டார்கள். பந்தைக் கையாள்வதில் சிறந்தவர்களை வெல்ல, அவர்கள் உதைக்க விரும்பும் இடத்தில் முன்கூட்டியே போய் நின்றாலே போதும்.

அடுத்து சிட்னி ஸ்வான்ஸ். 2005-இல் பால் ரூஸ் பயிற்சியில் அவர்கள் ஆடிய ஆட்டம் நெருக்கமானது, புள்ளிகள் குறைவானது. அப்போது ஏஎஃப்எல் தலைமை நிர்வாகியாக இருந்த ஆண்ட்ரூ டிமெட்ரியு அந்தப் பாணி தனக்குப் பிடிக்கவில்லை என்று வெளிப்படையாகவே கண்டித்தார். இப்படி ஆடினால் வெல்ல முடியாது என்ற தொனி ஊடகமெங்கும் பரவியது. அந்த ஆண்டு செப்டம்பரில் சிட்னி 58, வெஸ்ட் கோஸ்ட் 54. கடைசி நொடிகளில் கோல் முன்னால் வந்து விழவிருந்த பந்தை லியோ பேரி தாவிப் பிடித்த காட்சி இன்றும் திரும்பத் திரும்பக் காட்டப்படுகிறது. அந்தக் கிளப் சவுத் மெல்பர்ன் என்ற பெயரில் 1933-இல் வென்றதற்குப் பிறகு கிடைத்த முதல் கோப்பை, 72 ஆண்டுகளுக்குப் பிறகு. அதுவரை ‘அசிங்கமான ஆட்டம்’ என்று பேசப்பட்டது, அன்று மாலை முதல் ‘தியாகமும் ஒற்றுமையும்’ ஆகிவிட்டது. ஆடிய முறையில் மாற்றம் எதுவும் இல்லை.

நான் அதிகம் வியக்கும் வியூகம் 2008-இல் ஹாதார்ன் கொண்டுவந்தது. எதிரே இருந்த ஜிலாங் அணியை எண்களில் சொன்னால் போதும். முந்தின ஆண்டு இறுதி ஆட்டத்தில் போர்ட் அடிலெய்டை 119 புள்ளி வித்தியாசத்தில் வென்றவர்கள். இறுதி ஆட்ட வரலாற்றில் அதுவே மிகப் பெரிய வெற்றி. 2008 வழக்கமான சுற்றில் 22 ஆட்டங்களில் 21 வெற்றி. நடுக்களத்தின் நேர் பாதையில், வேகமான ஹேண்ட்பால் சங்கிலியாகப் பந்தைக் கொண்டுபோவார்கள். ஆளுக்கு ஆள் காவல் நின்றால் அவர்களைப் பிடிக்க முடியாது.

ஹாதார்ன் பயிற்சியாளர் ஆலஸ்டர் கிளார்க்சன் ஆளைக் காப்பதை விட்டுவிட்டு இடத்தைக் காக்கச் சொன்னார். பந்து எதிரணியிடம் இருக்கும்போது அவருடைய ஆட்கள் பல வரிசைகளாக, ஒருவருக்கொருவர் அளந்து வைத்தது போன்ற தூரத்தில் நின்றார்கள். பந்து வலப்பக்கம் போனால் கூட்டம் முழுவதும் வலப்பக்கம் நகரும், திரும்பினால் திரும்பும். இதற்கு ‘கிளஸ்டர்’ என்று பெயர் வந்தது. வலை போல விரிந்து பந்தோடு நகரும் அந்த அமைப்புக்குள் குறுகிய உதை எங்கே விழுந்தாலும் ஒருவர் கை எட்டும். மிஞ்சுவது ஓரத்தில் நீளமாக உதைப்பது மட்டும். அங்கேயும் ஆட்கள் காத்திருப்பார்கள்.

இறுதி ஆட்டத்தில் ஜிலாங், எதிரணி கோல் முன்னால் வரைந்திருக்கும் 50 மீட்டர் வட்டத்துக்குள் பந்தை அனுப்பிய தடவைகள் ஹாதார்னைவிட மிக அதிகம். ஆனால் கிடைத்தது 11 கோல், 23 பிஹைண்ட். ஹாதார்ன் 18 கோல், 7 பிஹைண்ட். 115-க்கு 89. ஜிலாங்கின் அந்த 23 பிஹைண்டில் 11, ஹாதார்ன் ஆட்களே நெருக்கடியில் பந்தைத் தங்கள் கம்பங்களுக்கு இடையே தள்ளிவிட்டு, ஒரு புள்ளியைக் கொடுத்து, பந்தைத் தங்கள் கைக்கு வாங்கிக்கொண்டவை. விதியில் தடை இல்லாததால் செய்தார்கள். அடுத்த ஆண்டே, வேண்டுமென்று அப்படித் தள்ளினால் எதிரணிக்கு ஃப்ரீ கிக் என்று விதி வந்துவிட்டது.

இந்த ஆட்டத்தை அப்போது ஊடகம் சொன்ன விதத்தில், ஜிலாங் பதற்றத்தில் கோல்களைக் கோட்டைவிட்டது என்பதுதான் முன்னுக்கு வந்தது. கோட்டைவிட்டது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் ஏன் அவர்கள் ஓரக் கோணங்களிலிருந்தும் அவசரத்திலும் உதைக்க வேண்டியதாயிற்று என்பதைச் சொன்னவர்கள் குறைவு.

அதன் பிறகு நடந்தது ஊடகக் கதைக்கு மிகச் சிறந்த பாடம். முன்னாள் மாநில முதல்வரும் அப்போதைய ஹாதார்ன் தலைவருமான ஜெஃப் கென்னட், தங்களிடம் உள்ள மன உறுதி ஜிலாங்கிடம் இல்லை என்ற பொருளில் பேசினார். அடுத்து 2009 முதல் 2013 வரை இரு அணிகளும் மோதிய 11 ஆட்டங்களிலும் ஜிலாங் வென்றது. ‘கென்னட் சாபம்’ என்று பெயர் சூட்டினார்கள். ஒவ்வொரு முறையும் ஆட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே சாபத்தைப் பற்றிய பேச்சு தொடங்கிவிடும்.

அந்த வெற்றிகளைப் பிரித்துப் பாருங்கள். 2009-இல் ஒன்றை, இறுதிச் சைரனுக்குப் பிறகு ஜிம்மி பார்ட்டெல் உதைத்த பிஹைண்டால் ஒரே புள்ளியில் வென்றார்கள். 2012-இல் இன்னொன்றை, சைரனுக்குப் பிறகு டாம் ஹாக்கின்ஸ் உதைத்த கோலால் 2 புள்ளியில் வென்றார்கள். பத்துப் புள்ளிக்குள் முடிந்தவை வேறும் உண்டு. ஏறக்குறைய சமபலமான இரண்டு அணிகள் மோதி, கடைசி உதை ஒரே பக்கமாக விழுந்துகொண்டிருந்தது. 2013 அரையிறுதியில் அது மறுபக்கம் விழுந்தது. ஹாதார்ன் 5 புள்ளியில் வென்று, அந்த ஆண்டும் அடுத்த இரண்டு ஆண்டுகளும் கோப்பையைத் தூக்கியது. சாபம் ‘முறிந்தது’ என்று எழுதினார்கள். இதில் முறிய எதுவுமே இருந்ததில்லை.

கிளஸ்டருக்குப் பிறகு வந்தது ‘பிரஸ்’. 2010-இல் மிக் மால்ட்ஹவுஸின் கொலிங்வுட், அந்த நகரும் கூட்டத்தை முன்னால் கொண்டுபோய் எதிரணியின் பாதிக் களத்திலேயே விரித்தது. பந்தை இழந்தாலும் எதிரணி அதை வெளியே கொண்டுவர முடியாது. மூச்சுத் திணறித் தவறாக உதைப்பார்கள், திரும்பக் கோல் விழும். ராஸ் லையனின் செயின்ட் கில்டாவும் அழுத்தத்தையே நம்பிய அணி. இரண்டும் இறுதியில் மோதியபோது 68-68 என்று சமநிலை. மறுவாரம் திரும்ப ஆடி கொலிங்வுட் 56 புள்ளியில் வென்றது. இந்த ஓட்டத்தைத் தாங்க ஆட்களை இடைவிடாமல் மாற்ற வேண்டும். அதனால்தான் லீக் 2014-இல் ஆட்டத்துக்கு 120 மாற்றங்கள் என்று வரம்பு வைத்து, 2016-இல் 90 ஆகவும் 2021-இல் 75 ஆகவும் இறக்கியது. களைத்தவர்கள் ஓடிப்போய்ச் சுவர் எழுப்ப முடியாது, ஆட்டம் திறந்துகொள்ளும் என்ற கணக்கு. 2019-இல் நடுக்களத் தொடக்கத்தின்போது மூன்று பகுதிகளிலும் ஆறு ஆறு பேராக நிற்க வேண்டும் என்றார்கள். 2021-இல், மார்க் எடுத்தவருக்கு எதிரே நிற்பவர் பக்கவாட்டில் அசையவே கூடாது என்றார்கள். ஒவ்வொரு விதியும் ஏதோ ஒரு பயிற்சியாளரின் யோசனைக்கு லீக் சொன்ன பதில்.

இப்போது என் அணிக்கு வருகிறேன்.

2016-இல் ரிச்மண்ட் 13-ஆவது இடம். கடைசி ஆட்டத்தில் சிட்னியிடம் 113 புள்ளி வித்தியாசத்தில் தோல்வி. நிர்வாகக் குழுவையே மாற்றக் கோரி ஒரு குழு கிளம்பியது. டேமியன் ஹார்ட்விக் ஏழு ஆண்டுகளாகப் பயிற்சியாளர்; ஒரு பிளேஆஃப் ஆட்டம்கூட வென்றதில்லை. அவரை நீக்க வேண்டும் என்று சொல்லாத விமர்சகர் அரிது. தலைவர் பெகி ஓநீலும் நிர்வாகி பிரெண்டன் கேலும் அவரை வைத்துக்கொண்டார்கள்.

2017-இன் தொடக்கம் நன்றாக இருந்தது. பிறகு அடிலெய்டிடம் 76 புள்ளித் தோல்வி. அதைத் தொடர்ந்து புல்டாக்ஸிடம் 5, ஃப்ரீமேன்டிலிடம் 2, கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னியிடம் 3. நான்கு தோல்விகள் வரிசையாக. ‘அதே பழைய ரிச்மண்ட்’ என்ற தலைப்பு அந்த வாரங்களில் எங்கும் இருந்தது. ரிச்மண்ட் ரசிகர்களுக்கும் அது பழகிப்போன வாசகம். நாங்களே அதைச் சொல்லிக்கொள்வோம்.

ஆனால் அந்த மூன்று சிறு தோல்விகளிலும் களத்தில் புதிதாக ஒன்று நடந்துகொண்டிருந்தது. முன்களத்தில் ஜாக் ரிவோல்ட் ஒருவர்தான் உயரம். அவருக்குத் துணையாக வேறு உயரமானவர்கள் இல்லாமல் போனது ஓரளவு கட்டாயம்: ஒருவர் வேறு கிளப்புக்குப் போனார், ஒருவர் தலைக்காயத்தால் ஆடவில்லை. அந்த இடங்களில் டேனியல் ரியோலி, ஜேசன் காஸ்டக்னா, டான் பட்லர் என்று குட்டையான, வேகமான இளைஞர்கள். அவர்கள் வேலை தாவிப் பிடிப்பது அல்ல. பந்து தரையில் விழ வேண்டும். விழுந்ததும் நான்கு பேர் மொய்க்க வேண்டும். எதிரணி எடுத்தால் அவர் சுதாரிக்கும் முன் மடக்க வேண்டும். பின்களத்தில் அலெக்ஸ் ரான்ஸ், டிலன் கிரைம்ஸ் போன்றவர்கள் எதிரணியின் அவசர உதை எங்கே வந்து விழும் என்று கணித்துக் காத்திருப்பார்கள். நடுவில் டஸ்டின் மார்ட்டின்.

பந்தை அழகாக வைத்துக்கொள்ளும் அணி அல்ல அது. முன்னால் தட்டு, முன்னால் குத்து, முன்னால் உதை, எதுவானாலும் முன்னால். பந்தைத் தொட்ட எண்ணிக்கையில் எதிரணியைவிடக் குறைவாக இருந்தும் வெல்வார்கள். தொலைக்காட்சித் திரையின் கீழே ஓடும் எண்களை மட்டும் பார்த்தவர்களுக்கு இது புரியவே இல்லை. ஒருவர் 35 முறை பந்தை எடுத்தார் என்றால் பெரிய ஆட்டம் என்று நினைப்போம். அதில் 20 முறை பின்னாலும் பக்கவாட்டிலும் கொடுத்திருக்கலாம். இந்த ஆட்டத்தில் விழும் புள்ளிகளில் பாதிக்கும் மேல் எதிரணி பந்தைத் தவறவிட்ட இடத்திலிருந்து பிறப்பவை. அப்படியானால் தவறவிட வைப்பவர்தான் கோலின் முதல் உரிமையாளர். அவர் பெயர் கோல் கணக்கில் வராது.

ரிச்மண்ட் மூன்றாவதாக முடித்து, ஜிலாங்கை 51, கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னியை 36 புள்ளியில் வென்று இறுதிக்குப் போனது. அங்கே எதிரே நின்றது, பருவத்தின் முன்பாதியில் 76 புள்ளியில் எங்களை நசுக்கிய அதே அடிலெய்டு. முடிவு 108-60. 1980-க்குப் பிறகு முதல் கோப்பை. மார்ட்டின் அந்த ஆண்டு, பருவத்தின் சிறந்த வீரருக்கான பிரவுன்லோ பதக்கத்தை 36 வாக்குகளோடு வென்றிருந்தார். இறுதி ஆட்டத்தின் சிறந்த வீரருக்கான நார்ம் ஸ்மித் பதக்கமும் அவருக்கே.

பிறகு ஊடகம் சொன்ன கதை, ‘மனம் திறந்த அணி’ என்பது. வீரர்கள் ஒருவர் முன் ஒருவர் தங்கள் வாழ்க்கையின் துயரங்களையும் தங்களை உருவாக்கிய மனிதர்களையும் பற்றிப் பேசிய அமர்வுகள் நடந்தது உண்மை. ஹார்ட்விக் தன் கடுமையைக் குறைத்துக்கொண்டதும் உண்மை. அதை நான் அலட்சியம் செய்ய மாட்டேன். பக்கத்தில் இருப்பவன் தன் இடத்தில் நிற்பான் என்ற நம்பிக்கை இல்லாமல் ஒருவரும் தன் ஆளை விட்டுவிட்டுப் பந்தை நோக்கி ஓட மாட்டார். அப்படி ஓடாமல் இந்த வியூகம் நடக்காது. ஆனால் நட்பு மட்டும் கோப்பை தந்தது என்ற கதையில் ரியோலியும் பட்லரும் மடக்கிய டேக்கிள்கள் காணாமல் போகின்றன. அவை காணாமல் போவதுதான் எனக்கு வருத்தம். 2019, 2020 கோப்பைகளுக்கும் அந்த மொய்ப்புதான் அடித்தளம்.

ஊடகம் ஏன் இப்படிச் சொல்கிறது? ஒரு காரணம் கேமரா. அது பந்தைத் தொடர்கிறது. திரையில் தெரிவது பந்தைச் சுற்றி ஆறேழு பேர். மீதி முப்பது பேர் செய்வதுதான் வியூகம். அது படத்துக்கு வெளியே நடக்கிறது. வர்ணனையாளர்கள் பலர் முன்னாள் வீரர்கள், முன்னாள் பயிற்சியாளர்கள். அவர்களுக்குத் தெரியாதது அல்ல. ஆனால் கண்ணுக்குத் தெரியும் படத்தைப் பற்றித்தானே பேச முடியும்?

இன்னொரு காரணம் பயிற்சியாளர்களே. ஆட்டம் முடிந்ததும் செய்தியாளர் சந்திப்பில் வந்து அமர்வார்கள். எதிரணியின் பின்களத்தில் எந்த மூலை திறந்திருந்தது, அதை எப்படிப் பிடித்தோம் என்று அங்கே சொன்னால் அடுத்த வாரம் எல்லா அணிகளும் தயாராகிவிடும். அதனால் ‘இன்று உழைப்பு நன்றாக இருந்தது’, ‘மோதலில் பின்தங்கிவிட்டோம்’ என்பார்கள். அந்த வார்த்தைகளே மறுநாள் தலைப்பாகின்றன. இதில் யாரும் பொய் சொல்லவில்லை. சொல்ல முடிந்ததைச் சொல்கிறார்கள்.

மூன்றாவது பணம். 2025 முதல் 2031 வரையிலான ஒளிபரப்பு உரிமை 450 கோடி ஆஸ்திரேலிய டாலர். ஆட்டம் வாரத்துக்குச் சில நாள்; மீதி நாட்களையும் பேச்சால் நிரப்ப வேண்டும். பின்கள அமைப்பைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினால் யார் பார்ப்பார்கள்? பயிற்சியாளரின் வேலை போகுமா என்று பேசினால் பார்ப்பார்கள். நானும் பார்த்திருக்கிறேன்.

நெருக்கமான ஆட்டங்களில் இந்தப் பழக்கம் உச்சத்துக்குப் போகும். 2021-இல் 17-ஆவதாக முடிந்த கொலிங்வுட்டுக்கு அடுத்த ஆண்டு கிரெய்க் மக்ரே பயிற்சியாளரானார். அந்த 2022-இல் தொடர்ந்து 11 வெற்றி. அவற்றில் பல சில புள்ளிகளில் கிடைத்தவை. எசென்டனுக்கு எதிராகச் சைரன் ஒலித்த பிறகு ஜேமி எலியட் உதைத்த கோல் அதில் ஒன்று. 16 வெற்றி, 6 தோல்வி. ஆனால் எடுத்த புள்ளிகளை விட்ட புள்ளிகளால் வகுத்துப் போடும் சதவீதம் நூற்றைச் சற்றே தாண்டியது. அதே ஆண்டு முதலிடம் பிடித்த ஜிலாங்குக்கு அது 140-க்கு மேல். ஒரு தரப்பு ‘இவர்கள் தோற்க மாட்டோம் என்று நம்புகிறவர்கள்’ என்றது. இன்னொரு தரப்பு ‘வெறும் அதிர்ஷ்டம்’ என்றது. அரையிறுதியில் சிட்னியிடம் ஒரு புள்ளியில் தோற்றார்கள்.

அடுத்த ஆண்டு என்ன நடந்தது என்பதைப் பாருங்கள். 2023 பிளேஆஃபில் மெல்பர்னை 7 புள்ளியில், கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னியை 1 புள்ளியில், இறுதியில் பிரிஸ்பேனை 4 புள்ளியில் வென்று கோப்பை. மூன்று ஆட்டங்களுக்கும் சேர்த்து 12 புள்ளிதான் வித்தியாசம், இரண்டு கோல். மெல்பர்ன் அவர்கள் வட்டத்துக்குள் ஏறக்குறைய இருமடங்கு தடவை பந்தை அனுப்பியது. இறுதி ஆட்டத்தில் பிரிஸ்பேன் 13 கோல், கொலிங்வுட் 12. பிஹைண்டுகளில்தான் 90-86 என்று முடிந்தது.

நம்பிக்கையா, அதிர்ஷ்டமா என்ற கேள்வியே எனக்குப் பாதிக் கேள்வியாகத் தோன்றுகிறது. அந்த அணி கடைசி நிமிடங்களுக்கென்றே பயிற்சி செய்தது. முன்னிலையில் இருந்தால் பந்தை ஓரமாகக் கொண்டுபோய் முடக்குவது, பின்தங்கியிருந்தால் யார் நடுவில் நிற்பது, எவ்வளவு ஆபத்தை ஏற்பது என்பதையெல்லாம் வீரர்கள் முன்பே பழகியிருந்தார்கள். அது திறமை. அதே நேரம், ஒரு புள்ளியில் முடியும் ஆட்டத்தில் பந்து எந்தப் பக்கம் துள்ளும் என்பதை எந்தப் பயிற்சியும் தீர்மானிக்காது. முட்டை வடிவப் பந்து அது. இரண்டையும் சேர்த்துச் சொல்ல ஊடகத்துக்கு நேரமில்லை.

ஜிலாங்கின் 2022-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2020 இறுதியில் ரிச்மண்டிடமும், 2021 அரையிறுதியில் மெல்பர்னிடம் 83 புள்ளியிலும் தோற்றபோது, ‘வயதாகிவிட்டது, வேகம் போய்விட்டது, கலைத்துவிட்டு இளைஞர்களை எடுங்கள்’ என்பதே ஒருமித்த தீர்ப்பு. கிறிஸ் ஸ்காட் கலைக்கவில்லை. மார்க் மேல் மார்க்காக மெல்ல நகர்த்திய பழைய முறையைக் கைவிட்டு, பந்தை விரைவாக நடுவழியே அனுப்பச் செய்தார். கடைசி 16 ஆட்டங்களும் வெற்றி. இறுதியில் சிட்னியை 81 புள்ளியில் வென்றார்கள். இறுதி ஆட்டத்தில் ஆடியது லீக் வரலாற்றிலேயே சராசரி வயது மிக அதிகமான அணி. குறை வயதில் இருக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இந்த ஆட்டத்தைப் புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். மைதானத்துக்குப் போக வாய்த்தால் கோல் கம்பங்களுக்குப் பின்னால், மேல் தளத்தில் உட்காருங்கள். டிக்கெட் விலையும் குறைவு, அமைப்பு முழுவதும் தெரியும். பக்கவாட்டில் கீழே இருப்பவருக்கு மோதல் தெரியும். மேலே இருப்பவருக்கு மோதல் ஏன் அங்கே நடந்தது என்பது தெரியும். பிஹைண்ட் விழுந்து ஓர் அணி பந்தை வெளியே உதைக்கத் தயாராகும் சில நொடிகளில் பந்தைப் பார்க்காதீர்கள். எதிரணியின் வரிசைகளை எண்ணுங்கள். எந்தப் பக்கத்தைத் திறந்து வைத்திருக்கிறார்கள்? அதைத் திறந்து வைத்தது தற்செயலாக இருக்காது, அங்கே உதைக்கட்டும் என்று விரும்புகிறார்கள். பந்து கை மாறியதும் தூரத்தில் இருப்பவர்கள் எந்தத் திசையில் ஓடத் தொடங்குகிறார்கள் என்று பாருங்கள். நல்ல அணியில் எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்புவார்கள். சரிந்துகொண்டிருக்கும் அணியில் இருவர் மட்டும் நின்று பார்ப்பார்கள். கோல் அந்த இருவர் விட்ட இடைவெளியில் விழும்.

வீட்டில் தொலைக்காட்சியில்தான் பார்க்க முடியும் என்றால், கோலுக்குப் பின்னாலிருந்து எடுத்த மறுகாட்சி வரும்போது எழுந்து போகாதீர்கள். அடுத்த நாள் யாராவது உங்கள் அணிக்குப் பசி இல்லை என்றோ தலைமை இல்லை என்றோ சொன்னால், ஆட்டத்தின் எந்தக் கால் பகுதியில், களத்தின் எந்த இடத்தில் அது தெரிந்தது என்று கேளுங்கள். பதில் சொல்லக்கூடிய விமர்சகர்கள் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் படியுங்கள்.